சவாரிக் குதிரையின் முதுகுவலிக்கு அக்குபங்சர் செய்யலாமா?

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனக் குதிரை ஒன்றைச் சவாரிக்காக வாங்கியிருக்கிறீர்கள். சில மாதங்களாகச் சேணத்தைக் கொண்டுபோனாலே காதைப் பின்னால் மடக்குகிறது, வயிற்றுவாரை இறுக்கினால் கடிக்க வருகிறது, மேலே ஏறினால் முதுகைத் தொய்த்துக்கொண்டு நடக்கிறது, கேன்டர் என்னும் மெதுபாய்ச்சல் கேட்டால் மறுக்கிறது. பியூட் என்னும் வலிமருந்து கொடுத்தால் நாலு நாள் பரவாயில்லை, நிறுத்தினால் மறுபடி அதே கதை. கூடச் சவாரி செய்கிறவர் அக்குபங்சர் பார்க்கச் சொன்னாராம். அது குதிரைக்கு வேலை செய்யுமா, யாரிடம் செய்வது, எத்தனை முறை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன், தேவைப்படும் இடத்தில் ஊசியும் குத்துகிறேன். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். முதுகுத் தசையில் ஊறிப்போன நாள்பட்ட வலிக்கு அக்குபங்சர், அதிலும் ஊசி வழியாக மெல்லிய மின்சாரம் கொடுத்துச் செய்வது, முயன்று பார்க்கத் தகுந்த வைத்தியம். குளம்பு வலிக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. உங்கள் குதிரைக்கு இருப்பது இந்த இரண்டில் எது, அல்லது இரண்டும் இல்லாத மூன்றாவதா என்று யாரும் பார்த்ததாக நீங்கள் எழுதியதில் இல்லை. ஊசியைவிட அதுதான் அவசரம்.

முதுகிலிருந்தே தொடங்குவோம். குதிரைக்கு மார்புப் பகுதியில் 18 முள்ளெலும்புகள், அதன் பின்னால் இடுப்பில் பெரும்பாலும் 6. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எலும்புத் தண்டு நிமிர்ந்து நிற்கும். சேணமும் சவாரிக்காரரும் உட்காரும் இடம் மார்பு எலும்புகளில் ஏறக்குறைய பத்தாவதிலிருந்து பதினெட்டாவது வரை. அந்த இடத்தில் தண்டுகள் நெருங்கி வந்து ஒன்றோடொன்று உரசினால் அதைத்தான் 'கிஸ்ஸிங் ஸ்பைன்' என்கிறார்கள். தரோபிரெட்டுகளில் இது அதிகம். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும், ஆனால் எக்ஸ்ரேயில் தெரிந்ததாலேயே வலி அங்கிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்ட முடியாது. தண்டுகள் உரசிக்கொண்டிருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலை செய்யும் குதிரைகள் நிறைய. அதனால் சந்தேகப்படும் இடத்தில் மரப்பு ஊசி போட்டு, சற்று நேரம் கழித்து மறுபடி ஏறிப் பார்ப்பார்கள். அதே குதிரை முதுகைத் தூக்கி, காலை நீட்டி நடந்தால் வலியின் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

முதுகுவலி என்று கொண்டுவரும் குதிரைகளில் பலவற்றுக்கு மூலம் முதுகில் இருப்பதே இல்லை. பின்காலில் இரண்டு பக்கமும் ஒரே அளவு வலி இருந்தால் குதிரை நொண்டாது, ஏனென்றால் எந்தக் காலைக் காப்பாற்றுவது? அதற்குப் பதிலாக அடியைக் குறுக்கிக்கொண்டு, முதுகை விறைத்துக்கொண்டு நடக்கும். அந்த விறைப்பு மாதக்கணக்கில் நீடித்தால் முதுகுத் தசை நிஜமாகவே வலிக்க ஆரம்பிக்கும். பந்தயத்திலிருந்து வரும் குதிரைகளின் குளம்பைப் பாருங்கள்: குளம்பின் முன்நுனி நீண்டு, குதிகால் சரிந்து கிடக்கும். அப்படியொரு பின்குளம்பில் நிற்கும் குதிரை நாள் முழுக்கப் பிட்டத் தசையையும் இடுப்பையும் இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்கிறது. அதற்கு முதுகில் எத்தனை ஊசி குத்தினாலும், லாடம் அடிப்பவர் வந்து முன்நுனியைக் குறைத்துக் குதிகாலைத் தூக்காதவரை வலி திரும்பி வரும்.

வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருவது என்னைத் தனியாக யோசிக்க வைக்கிறது. பந்தயக் குதிரைகளில் இரைப்பைப் புண் மிகமிகச் சாதாரணம். தீனி அதிகம், புல் குறைவு, நாளில் பாதி நேரம் வெறும் வயிறு. குதிரையின் இரைப்பை தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்தப் புண் இருக்கிற குதிரைக்கு நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கும் பியூட், அதாவது பினைல்பியூட்டசோன், புண்ணை மோசமாக்கும். நீண்ட நாள் கொடுத்தால் பெருங்குடலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். தினமும் கொடுப்பதை நாளைக்கே உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மூன்று மீட்டர் நீளமுள்ள எண்டோஸ்கோப் இருக்கும் இடத்தில் இரைப்பையை நேரடியாகவே பார்த்துவிடலாம்.

சேணம். இதைப் பார்க்க டாக்டர் வேண்டியதில்லை. நன்றாக வியர்க்க வேலை வாங்கிவிட்டுச் சேணத்தைக் கழற்றுங்கள். முதுகு முழுக்க ஈரமாக இருக்க, நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் அதிகமாகி வியர்வைச் சுரப்பி அடைபட்டிருக்கலாம். வெள்ளை முடி முளைத்திருந்தால் பழைய காயம். சேணத்தின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்பின் மேல் போகக் கூடாது. அப்புறம் எடை: சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 450 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ. முதுகில் தசையே இல்லாமல் இளைத்திருக்கும் குதிரைக்கு அதுவும் அதிகம்.

வலியா, பிடிவாதமா என்று குழப்பம் இருந்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தின் சூ டைசன், குதிரைகளின் நொண்டலை ஆராய்வதிலேயே தொழில்வாழ்வைச் செலவிட்ட டாக்டர். சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளை அவர் குழு தொகுத்து 2018இல் வெளியிட்டது. காதை ஐந்து விநாடிக்கு மேல் பின்னால் மடக்கி வைத்திருப்பது, வாயைத் திரும்பத் திரும்பத் திறப்பது, வாலை அடிப்பது அல்லது ஒரு பக்கமாக இறுக்கிக்கொள்வது, வெறித்த பார்வை, பின்குளம்பின் நுனி தரையில் இழுபடுவது, கேன்டரில் தப்பான காலில் கிளம்புவது, கேட்காமலே நடையை மாற்றுவது என்று போகும் அந்தப் பட்டியல். எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவரை நிற்க வைத்து நீங்கள் ஏறிச் செல்வதைப் பத்து நிமிடம் வீடியோ எடுத்து, ஆற அமர உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

சரி, இத்தனையும் பார்த்தாயிற்று, முதுகுத் தசையில்தான் வலி, குளம்பும் சேணமும் சரி செய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஊசிக்கு வரலாம்.

நல்ல டாக்டர் வந்ததும் ஊசிப் பெட்டியைத் திறக்க மாட்டார். முதலில் கையால் தடவுவார். கழுத்தடியில் தொடங்கி, முதுகெலும்பிலிருந்து சற்றுத் தள்ளி, நீளமான முதுகுத் தசை முடிந்து அடுத்த தசை தொடங்கும் பள்ளத்தில் விரல் நுனியை வைத்து, ஒரே அழுத்தத்தில் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போவார். சாதாரண இடத்தில் தோல் லேசாகச் சிலிர்க்கும். வலிக்கும் இடம் வந்ததும் தசை விரலுக்கு அடியிலேயே கட்டையாக இறுகும், குதிரை முதுகைச் சட்டென்று தாழ்த்தும், தலையைத் திருப்பி விரலைப் பார்க்கும். இரண்டு பக்கமும் இப்படி இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் இடங்களைக் குறிப்பார். உடம்பில் சக்தி ஓடுவதாகச் சீன முறை சொல்லும் பாதைகளில், இந்தப் பள்ளம் வழியாகப் போவதைச் சிறுநீர்ப்பைப் பாதை என்பார்கள். இந்த வரிசை நெடுக, முதுகெலும்பிலிருந்து வெளிவரும் நரம்புகள் தசைக்குள் பிரிகின்றன. பாதை என்ற கருத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் விரல் வைக்க இது நல்ல இடம்.

முதல் ஊசியைப் பெரும்பாலும் இடுப்பு முள்ளெலும்பும் அதன் பின்னாலுள்ள திரிக எலும்பும் சேரும் நடுக்கோட்டுப் பள்ளத்தில் குத்துவோம். பை ஹுய் என்று பெயர். பல குதிரைகள் அந்த ஒரு ஊசியிலேயே கொஞ்சம் தணியும். அப்புறம் வலிக்கும் இடங்களிலும் அதற்கு முன்னும் பின்னும். ஊசி மெலிதானது, மருந்து ஏற்றும் ஊசி மாதிரி ஓட்டை கிடையாது. இறுகிய தசையில் குத்தும்போது ஊசியைத் தசை கவ்விப் பிடிக்கும், இழுத்தாலும் வராது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிடி தளர்ந்து தானாகவே சாய்ந்து தொங்கும். இருபது முப்பது நிமிடம் வைத்திருப்போம். கீழுதடு தொங்கும், கண் பாதி மூடும், தலை மெல்ல இறங்கும், சில குதிரைகள் வாயை மென்றுகொண்டே இருக்கும். குதிரைக்குத் தோலை மட்டும் உதறும் தசை இருப்பதால், ஈயை விரட்டுவதுபோல் ஊசியையும் உதறிவிடும். அதனால் குத்தும்போது எண்ணி, எடுக்கும்போது எண்ணி, குறைந்தால் வைக்கோலைக் கிளறித் தேடியாக வேண்டும். தீனியோடு ஊசி வயிற்றுக்குள் போய்விடக் கூடாது. வண்ணக் கைப்பிடி உள்ள ஊசியை நான் விரும்புவது இதற்காகத்தான்.

மின்சாரம் கொடுப்பதென்றால் இரண்டிரண்டு ஊசிகளுக்குச் சிறு கவ்விகளை மாட்டி, பேட்டரி இயந்திரத்திலிருந்து மெல்லிய துடிப்பு அனுப்புவோம். தசை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துடிக்கும் அளவுதான், குதிரை சங்கடப்படும் அளவுக்குப் போகவே கூடாது. ஊசியோடு நிற்கவே நிற்காத குதிரைகளுக்கு அந்தந்தப் புள்ளியில் பி12 வைட்டமின் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்திவிட்டு வருவதுண்டு. திரவம் கரையும்வரை அந்த இடத்தில் அழுத்தம் இருக்கும், உடனே வேலை முடிந்துவிடும்.

இது எப்படி வலியைக் குறைக்கிறது? பல வழிகளில் என்று இப்போது தெரிகிறது. ஊசி தூண்டும் நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் போய், அங்கே வலிச் செய்தி மேலே ஏறுவதைத் தடுக்கின்றன. தண்டுவடத்தில் இப்படியொரு வாசல் இருக்கிறது என்று மெல்சாக்கும் வாலும் 1965இலேயே எழுதினார்கள். மூளையும் தண்டுவடமும் எண்டார்ஃபின் என்னும் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்கின்றன. குத்திய இடத்தில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து அருகிலுள்ள நரம்பு நுனிகளை அமைதிப்படுத்துவதை 2010இல் எலிகளில் காட்டினார்கள். குதிரைகளிலேயே செய்து பார்த்த வேலையும் உண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்கார்டாவும் உடன் இருந்தவர்களும் முதுகுப் புள்ளிகளில் மின் அக்குபங்சர் கொடுத்து, தோல் எவ்வளவு சூட்டைத் தாங்குகிறது என்று அளந்தார்கள். தாங்கும் அளவு கூடியது, தண்டுவட நீரில் பீட்டா எண்டார்ஃபினும் கூடியது. 2002இல் வந்த ஆய்வு இது. நோயில்லாத குதிரைகளில் செய்தது என்றாலும், ஊசி குதிரையின் உடம்பில் அளக்கக்கூடிய ஒன்றைச் செய்கிறது என்பதை நிறுவிவிட்டது.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'மூவாயிரம் ஆண்டு அனுபவம்' என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். சீனாவில் குதிரை வைத்தியம் மிகப் பழையதுதான். யூ சகோதரர்கள் 1608இல் மிங் ஆட்சிக் காலத்தில் தொகுத்த குதிரை வைத்திய நூலில் புள்ளிகளின் படங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பழைய முறையில் பெரும்பகுதி, அகலமான கத்தி ஊசியால் கீறி ரத்தம் எடுப்பதும் சூடு வைப்பதும். நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போட்ட பழக்கத்துக்கு அது நெருக்கம், இன்று சவாரிப் பள்ளிகளில் பார்க்கும் மெல்லிய ஊசிக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை. இப்போது புழங்கும் பாதை வரைபடங்கள் மனிதனுக்குரியவற்றைக் குதிரையின் உடம்பில் ஏற்றி வரைந்தவை, 20ஆம் நூற்றாண்டு வேலை. அமெரிக்காவில் சர்வதேசக் கால்நடை அக்குபங்சர் சங்கம் தொடங்கியது 1974இல். மனிதனுக்கு விரல் நுனியில் முடியும் பாதைகளை ஒற்றைக் குளம்புள்ள பிராணிக்கு வரையும்போது எங்கே முடிப்பது? குளம்பின் விளிம்பைச் சுற்றி முடித்திருக்கிறார்கள். பித்தப்பைப் பாதை என்று ஒன்றும் வரைந்திருக்கிறார்கள், குதிரைக்கோ பித்தப்பையே கிடையாது. எனக்கு இதனால் ஊசியின் மேல் வெறுப்பு இல்லை. வலிக்கும் தசையையும் நரம்பையும் பார்த்துக் குத்தும் டாக்டரையும், வரைபடத்தைப் பார்த்து மட்டும் குத்துபவரையும் நீங்கள் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சான்று எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும், பணமும் குதிரையும் உங்களுடையவை. உங்கள் விஷயத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஷியே குழுவினர் செய்து 2005இல் வெளிவந்தது. நாள்பட்ட முதுகுவலி உள்ள 15 குதிரைகள், ஐந்து ஐந்தாக மூன்று குழு. ஒரு குழுவுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை மொத்தம் ஐந்து தடவை மின் அக்குபங்சர், ஒரு குழுவுக்கு பியூட், ஒரு குழுவுக்கு வெறும் உப்புநீர். ஊசிக் குழுவில் மூன்றாவது தடவைக்குப் பிறகு வலி தெளிவாகக் குறைந்தது, முடித்தபின் இரண்டு வாரமாவது அது நிலைத்தது. பியூட் பெற்ற குழுவில் அப்படி ஒரு குறைவு தென்படவில்லை. உங்கள் குதிரைக்கு பியூட் ஏன் பிடிமானம் தரவில்லை என்பதற்கு இதில் ஒரு தடயம் இருக்கலாம். ஆனால் ஐந்து குதிரை என்பது மிகச் சிறிய எண், வலியை அளந்ததும் கையால் அழுத்திப் பார்த்துத்தான்.

குளம்புப் பக்கம் நிலைமை வேறு. குளம்புக்குள் அழற்சி வரும் லேமினைட்டிஸ், குளம்புக்குள் இருக்கும் சிறு எலும்பைப் பாதிக்கும் நேவிகுலர் நோய் ஆகியவற்றால் நொண்டிய குதிரைகளில் 1989இல் கனடாவில் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மின் அக்குபங்சர் பெற்றவற்றுக்கும் பெறாதவற்றுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. லேமினைட்டிஸுக்குப் பலன் தெரிந்ததாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது, அதில் ஒப்பிட ஊசி போடாத குழு இல்லை. எல்லா வளர்ப்புப் பிராணிகளுக்குமான ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2006ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, எந்த நோய்க்கும் அக்குபங்சரைப் பரிந்துரைக்கவோ ஒதுக்கவோ போதிய வலுவான சான்று இல்லை என்று முடித்தது. அதன் பிறகு சிறு சிறு ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. முதுகுத் தசை வலி ஒன்றில்தான் ஊசிக்கு நியாயமான ஆதரவு இருக்கிறது என்பது என் வாசிப்பு.

மேலே சொன்னேனே, ஊசியோடு நிற்கும் குதிரை உதட்டைத் தொங்கவிட்டுத் தூங்கும் என்று. அது பார்க்க மிக அழகாக இருக்கும், சொந்தக்காரர்கள் அதைப் பார்த்தே வலி போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள். அது தளர்வுதான், வலி நீங்கியதற்கு அத்தாட்சி இல்லை. வைத்தியத்தை ஒட்டி வேலை குறைகிறது, குதிரைக்காரர் கூடுதலாகக் கவனிக்கிறார், மோசமான நாளில் டாக்டரைக் கூப்பிட்டதால் அடுத்த நாள் எப்படியும் கொஞ்சம் பரவாயில்லாமல்தான் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து ஊசியின் கணக்கில் ஏறிவிடும். குதிரைக்கு நம்பிக்கை வைக்கத் தெரியாது என்றாலும், அதைப் பார்த்து மதிப்பெண் போடுகிற நமக்கு நன்றாகவே தெரியும். அதற்காகத்தான் அந்த வீடியோ. முதல் முறை ஊசி போடுவதற்கு முன் எடுத்ததையும் மூன்றாவது முறை போட்டு ஒரு வாரம் கழித்து, அதே மைதானத்தில், அதே சேணத்தோடு, அதே ஆள் ஏறி எடுத்ததையும், எது முந்தியது என்று சொல்லாமல், குதிரை தெரிந்த வேறொருவரிடம் காட்டி அந்த 24 நடத்தைகளை எண்ணச் சொல்லுங்கள். முன்பு பத்து இருந்தது இப்போது நான்கு என்றால் எனக்கும் சந்தோஷம். இரண்டிலும் ஒன்பது என்றால் குதிரை தூங்கியது மட்டும்தான் மிச்சம்.

எத்தனை முறை என்ற கேள்விக்கு: வாரம் ஒருமுறை வீதம் மூன்று முறை செய்து பார்த்து முடிவெடுப்பது நியாயமான அளவு. பலன் தெரிந்தால் ஐந்து வரை போகலாம், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்த வேண்டும். மாதாமாதம் வாழ்நாள் முழுக்கக் குத்தச் சொன்னால், மூலகாரணம் எங்கோ அப்படியே இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஊசி போட்ட அன்று சவாரி வேண்டாம், கையில் பிடித்து நடத்தினால் போதும். மறுநாள் சில குதிரைகளுக்குத் தசை நோகும், ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும்.

ஆபத்துகள் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். விலாவின் இடையில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் வரை போகும், மூட்டுக்குள் போனால் சீழ் பிடிக்கும், குதிரை திமிறினால் ஊசி உடையும். தோலில் புண்ணோ அழுக்கோ இருக்கும் இடத்தில் குத்தக் கூடாது. எலும்பு முறிவு, காய்ச்சல், கட்டி, சினை இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று பதிவேட்டைப் பாருங்கள். வீட்டுப் பிராணிகளில் டெட்டனஸுக்குக் குதிரையைப் போல் சுலபமாகப் பலியாவது வேறு எதுவும் கிடையாது, லாய மண்ணிலேயே அந்தக் கிருமி இருக்கிறது. தோலைத் துளைக்கும் எந்த வேலைக்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும்.

யாரிடம் செய்வது? பதிவு பெற்ற கால்நடை மருத்துவரிடம் மட்டும். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984இல் வந்தது, பிராணிகளுக்கு வைத்தியம் செய்யும் உரிமையைப் பதிவு பெற்றவர்களோடு கட்டுகிறது. தமிழ்நாட்டில் மனிதர்களுக்கு அக்குபங்சர் பார்ப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் ஆர்வமாகக் குதிரைக்கும் வருகிறேன் என்பார். அன்போடு மறுத்துவிடுங்கள். குதிரையின் விலாவுக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு இடைவெளி, எந்தத் தசை எங்கே முடிகிறது, பின்கால் உதை எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் வேறு படிப்பு. அதைவிட முக்கியம், நொண்டலைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் கையில் வலியைக் குறைக்கும் கருவியைக் கொடுத்தால், உடைந்துகொண்டிருக்கும் கால் மரத்துப்போய்க் குதிரை அதே காலில் தாண்டும். அருகில் ஊசி போடும் கால்நடை மருத்துவர் இல்லையென்றால் வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் முதலில் நொண்டல் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்ட பின் ஊசிக்கு ஆள் தேடுவது எளிது, ஊசியே வேண்டாம் என்று ஆகவும் கூடும்.

போட்டிக்குப் போகிறவர் என்றால் இன்னொரு எச்சரிக்கை. பியூட், எஃப்.இ.ஐ. என்னும் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் இருக்கிறது, கொடுத்து நிறுத்தி ஒரு வாரம் வரைக்கும் உடம்பில் கண்டுபிடிக்க முடியும். பி12 தானே என்று போட்டி வளாகத்துக்குள் புள்ளிகளில் செலுத்துவதும் ஊசி மருந்துதான், முன் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. வெறும் ஊசி என்றாலும் போட்டி டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். போட்டிக்கு முந்தைய நாள் வலியை அடக்கி ஓட வைப்பதற்காக என்றால் என்னைக் கேட்டால் செய்யவே வேண்டாம் என்பேன்.

ஊசியால் வலி குறைந்த அந்த இரண்டு மூன்று வாரத்தை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் குதிரையின் அடுத்த ஆறு மாதம் இருக்கிறது. வலித்த முதுகில் முள்ளெலும்புகளை ஒட்டிக் கிடக்கும் சிறு தசைகள் சுருங்கிப் போயிருக்கும், வலி போனாலும் அவை தானாகத் திரும்பி வளராது. இதற்குக் கேரட் போதும். குதிரையைச் சமதரையில் நிற்க வைத்து, கேரட்டைக் காட்டி மூக்கை மார்புக்குக் கொண்டுவாருங்கள், பிறகு முன்னங்கால் முட்டிகளுக்கு இடையில், பிறகு குளம்புகளுக்கு இடையில். அப்புறம் இடப்பக்க விலாவுக்கு, இடுப்புக்கு, பின்கால் முட்டிக்கு, அதேபோல் வலப்பக்கம். ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி பிடிக்க வைத்துவிட்டுக் கொடுங்கள், கால் நகராமல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து முறை, வாரம் ஐந்து நாள், மூன்று மாதம். இப்படிச் செய்த குதிரைகளில் அந்தச் சிறு தசைகள் பருத்ததை ஸ்கேனில் அளந்து 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள், அந்த மூன்று மாதமும் அவற்றுக்குச் சவாரி வேலை இல்லை. கூடவே தரையில் கிடத்திய கம்புகளைத் தாண்டி நடக்க விடுங்கள், லன்ஜ் கயிற்றில், அதாவது வட்டமாக நடத்தும் நீளக் கயிற்றில், தலையைத் தாழ்த்தி நடக்கப் பழக்குங்கள். சேணம் கடைசியாக வரட்டும்.

மூன்று முறை ஊசி போட்ட பிறகும் வீடியோவில் மாற்றம் இல்லையென்றால் நான்காவது முறைக்குப் போகாதீர்கள். மரப்பு ஊசிப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள், இந்த முறை பின்கால் குளம்பிலிருந்து மேல்நோக்கி, இடுப்பெலும்பு மூட்டு வரை. கிஸ்ஸிங் ஸ்பைன்தான் என்று உறுதியானால் தண்டுகளுக்கு இடையில் மருந்து செலுத்துவது, தண்டுகளை இணைக்கும் நாரை வெட்டிவிடும் சிறு அறுவை என்று வேறு வழிகள் இருக்கின்றன. டாக்டரைக் கூப்பிடும்போது இவற்றைக் கையில் வைத்திருங்கள்: பியூட் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள், கடைசியாக லாடம் மாற்றியது எப்போது, சேணம் மாற்றினீர்களா, டெட்டனஸ் தேதி, அந்தப் பத்து நிமிட வீடியோ.